மீன் முள் கிடைக்கவில்லை என்று எழுதிய மகனுக்கு

மகனே,

உனக்கு எழுதும்போது முதல் வரியில் வழக்கமாகப் போடுகிற செல்ல வார்த்தைகளை இதில் தேடாதே. போட மனசு வரவில்லை. நேற்றுக் காலை போன் செய்து, வியாழக்கிழமை விமானம், பெட்டியில் இன்னும் நாலு கிலோவுக்கு இடம் இருக்கிறது, கருவாடும் பருப்புப் பொடியும் கட்டி வை என்றாய். நான் பேசாமல் வைத்துவிட்டேன். மறுபடியும் கூப்பிட்டு, "என்னம்மா, லைன் கட்டாயிடுச்சா?" என்று கேட்டாய். லைன் கட்டாகவில்லை. நான்தான் கட் செய்தேன். பிரான்சில் இரண்டு வருஷம் ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கிறது. நம் தெருவில் யாருக்கும் வராத வாய்ப்பு. பெற்றவள் பலகாரம் சுட்டுக்கொண்டிருக்க வேண்டிய வாரம் இது. நானோ அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இது உறையில் போட்டு ஒட்டுகிற கடிதம் இல்லை. உனக்கு ஒன்று, உன் மாமா ஊர்ப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்ட ஒன்று, கேட்கிறவர்களுக்குக் கொடுக்க இன்னும் சில என்று ஜெராக்ஸ் எடுக்கப்போகிறேன். உனக்கு அவமானமாக இருக்கும். இருக்கட்டும். நீ எழுதியதைக் கல்யாண மண்டபத்தில் ஊரைக் கூட்டி மைக்கில் படித்தார்கள். அதற்கான பதிலை மட்டும் நான் ஏன் உன் காதுக்குள் சொல்ல வேண்டும்?

உனக்குத் தெரிந்த கதைதான். மற்றவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக முதலிலிருந்து சொல்கிறேன். நான் பிறந்தது தவளக்குப்பத்துக்குக் கிழக்கே, கழிமுகத்தை ஒட்டிய மீனவ ஊரில். என் தம்பி, உன் செல்வராசு மாமா, இன்னும் அங்கேதான் இருக்கிறான். பைபர் படகில் கடலுக்குப் போகிறான். ஊருக்குப் பின்னால் ஒரு மேடு உண்டு. மழை பெய்தால் பானை ஓடு பல்லிளித்துக்கொண்டு வெளியே வரும். அந்த மேட்டுக்கும் கடலுக்கும் நடுவில்தான் வலை காயப்போடும் மணலும் ஐம்பது அறுபது வீடுகளும் இருக்கின்றன. அந்த இடத்தில் படகுத்துறையோடு ஒரு பெரிய ஓட்டல் கட்டப் போவதாக ஒரு கம்பெனி வந்தது. ஊர்க்காரர்கள், தொன்றுதொட்டு நாங்கள் இங்கே மீன் பிடித்து வாழ்கிறோம், எங்களை வெளியேற்றாதீர்கள் என்று மனுக் கொடுத்தார்கள். பழைய மேடு என்பதால் அரசாங்கத்தில் அதைத் தோண்டிப் பார்த்து அறிக்கை தரும்படி ஒரு தனியார் ஆய்வுக் குழுவிடம் வேலையைக் கொடுத்தார்கள். பானையை ஒருவர் பார்த்தார், மணியை ஒருவர் பார்த்தார். எலும்பை உன்னிடம் கொடுத்தார்கள். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? என் ஊர் மண்ணை என் பிள்ளை படிக்கப் போகிறான் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடமெல்லாம் சொன்னேன்.

முதல் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நீ வரவில்லை. நான் போயிருந்தேன். ஊர்ப் பெண்களோடு நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கம்பெனியின் வக்கீல் எழுந்து அறிக்கையைப் பிரித்து, உன் பெயரைச் சொல்லி, "விலங்கு எலும்புகளில் மீன் எலும்பு ஏதும் கிடைக்கவில்லை" என்ற வரியை இரண்டு தடவை வாசித்தார். பிறகு அறிக்கையை மூடிவிட்டுச் சொன்னார்: "ஆகவே பழைய காலத்தில் இங்கே மீனவர் யாரும் குடியிருந்ததற்கு ஆதாரம் இல்லை. தொன்றுதொட்டு என்ற பேச்சுக்கே இடம் இல்லை. இவர்கள் பிற்பாடு வந்து குடியேறியவர்கள்."  மண்டபத்தில் ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. உன் மாமாவைப் பார்த்தேன். அவன் கோபப்பட்டிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும். அவன் பக்கத்தில் நின்றவனிடம் மெதுவாகக் கேட்டான், "நம்ம புள்ள எழுதுனதா? அப்ப சரியாத்தான்டா இருக்கும். நமக்கு இன்னா தெரியும்."

பிறந்ததிலிருந்து அவன் மிதித்து வளர்ந்த மண்ணைப் பற்றி, உன் ஒரு வரியைக் கேட்டதும் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டான். நீ அவனிடமிருந்து பிடுங்கியது என்ன என்று அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்தது.

எனக்கு எலும்பு தெரியும். படித்துத் தெரிந்ததில்லை. உன் அப்பா காலேஜ் விலங்கியல் துறையில் லேப் அட்டெண்டராக இருந்து போய்ச் சேர்ந்த பிறகு, கருணை அடிப்படையில் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நீ அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். முதல் நாள் கண்ணாடி அலமாரியில் நின்ற குரங்கு எலும்புக்கூட்டைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. செத்த பிராணியை வேகவைத்து, சதையை வழித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, பெராக்சைடில் வெளுத்து, மெல்லிய கம்பியில் கோத்து நிறுத்துவதுதான் என் வேலை. இருபத்திரண்டு வருஷம் செய்தேன். ஆட்டு எலும்பை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொதிக்க விடலாம். மீனை ஐந்து நிமிஷம் கூடுதலாக விட்டால் தலை எலும்பு காகிதம் மாதிரி பிரிந்து தண்ணீரோடு போய்விடும். திருக்கைக்கும் சுறாவுக்கும் இருப்பது வெறும் குருத்தெலும்பு. இரண்டு நாள் வெளியே கிடந்தால் அது இருந்த இடம் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன் நீ.

பார்த்ததோடு விட்டாயா? முனைவர் பட்டத்துக்கு நீ எடுத்துக்கொண்ட விஷயமே அதுதானே? மனிதன் தின்றுவிட்டுப் போட்ட எலும்பில் எத்தனை மண்ணில் தங்கும், எத்தனை காணாமல் போகும், தங்கியதை வைத்து முதலில் எவ்வளவு இருந்தது என்று எப்படிக் கணிப்பது? புத்தகத்தில் படித்தால் போதாது, செய்து பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தாய். மாமா வீட்டுக் கொல்லையில் குழி வெட்டினாய். ஆடு, கோழி, மாட்டுக் கால், மீன் எல்லாவற்றையும் எண்ணி, ஒவ்வொன்றிலும் மையால் நம்பர் போட்டுப் பாதியைப் புதைத்தாய், மீதியை வெளியில் பரப்பினாய். மாமாவின் பெண்டாட்டி, உன் அத்தை ராணி, "வூட்டுக்குப் பின்னால சுடுகாடு வெச்சிட்டியேடா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் மூன்று மழைக்காலம் அந்தக் குழியில் யாரும் கால் வைக்காமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

வெளியில் போட்டதில் மீன் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. காக்கை, பூனை, நண்டு, எறும்பு. ஆட்டு எலும்பை நாய்கள் இழுத்துக்கொண்டு போக, நீ பின்னாலேயே ஓடி எது எங்கே போகிறது என்று எழுதினாய். முன்னங்கால் எலும்பின் மேல்முனை பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும், நெய்ப்பசை உள்ளது, அதை முதலில் கடித்துத் தின்றுவிட்டன. முட்டிப் பக்கத்துக் கீழ்முனை கல் மாதிரி கெட்டி. அதை மட்டும் விட்டுவிட்டுப் போயின. புதைத்ததைத் தோண்டும்போது நீ ஜல்லி சலிக்கும் சல்லடையோடு வந்தாய், பிறகு என் குசினியில் மாவு சலிக்கிற சல்லடையைத் தூக்கிக்கொண்டு போனாய். நான் கத்தினேன். நீ சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது: "ம்மா, ஜல்லி சல்லடையில மீன் முள்ளு நிக்குமா? எல்லாம் கீழ ஓடிடும். அப்புறம் மீனே இல்லன்னு எழுதிட்டுப் போவாங்க."

இன்னொரு மத்தியானம் உன் அத்தை நெத்திலி வறுத்துப் போட்டாள். நீ சாப்பிடாமல் நோட்டுப் புத்தகத்தோடு மாமா எதிரில் உட்கார்ந்திருந்தாய். "இன்னாடா எழுதுற?" என்று அவன் கேட்டான். "நீங்க எவ்ளோ முள்ளு மிச்சம் வெக்கறீங்கன்னு பாக்கறேன் மாமா" என்றாய். அவன் தலையோடு வாலோடு மென்றுகொண்டே, "ஒண்ணும் வெக்க மாட்டேன், எழுதிக்க" என்றான். எல்லோரும் சிரித்தோம். அதையும் எழுதினாய். பெரிய மீன் என்றால் கரையிலேயே அறுத்துத் தலையையும் குடலையும் அங்கேயே போட்டுவிடுவார்கள், அது குடியிருக்கும் இடத்துக்கு வரவே வராது என்பதையும் கேட்டு எழுதினாய். மூன்றாவது மழை கழித்து மீன் குழியைத் தோண்டியபோது, மாவுச் சல்லடையில் நின்றவை நாலைந்து நடுமுள் மணிகளும் கத்தாழை மீனின் தலைக்குள் இருக்கும் வெள்ளைக் கற்கள் இரண்டும்தான். திருக்கை புதைத்த இடத்தில் ஈரமண் தவிர எதுவும் இல்லை. அன்று உன் கண்ணில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். ஒரு பொய்யைப் பிடித்துவிட்டவன் மாதிரி இருந்தாய்.

அதனால்தான் வக்கீல் வாசித்ததை நான் நம்பவில்லை. நீ சரியாக எழுதியிருப்பாய், அவர் விட்டுவிட்டுப் படிக்கிறார் என்று நினைத்தேன். ஊர்த் தலைவரிடம் இருந்த அறிக்கையை வாங்கி வந்தேன். எனக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் வரும். மூன்று நாள் ஆனது. உன் பங்கு ஆறு பக்கம். சல்லடைக் கண் அளவு கடைசியில் சின்ன எழுத்தில் இருந்தது: பத்து மில்லிமீட்டர். என் சுண்டுவிரல் நுழையும். மண்ணைப் பரிசோதித்தீர்களா என்று தேடினேன், காணோம். பிறகு உன் அட்டவணைக்கு வந்தேன். பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். ஆட்டு முன்னங்கால் எலும்பு, கீழ்முனை பதினேழு. மேல்முனை இரண்டு. பக்கத்தில், நாய்ப் பல் தடம் என்று நீயே குறித்திருக்கிறாய்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். எந்த ஆட்டுக்காவது காலில் கீழ்முனை மட்டும் இருக்குமா? பதினேழு கீழ்முனை இருந்தால் பதினேழு மேல்முனை இருந்தாக வேண்டும். பதினைந்தை நாயும் மண்ணும் தின்றிருக்கின்றன. கெட்டியான ஆட்டு எலும்புக்கே அந்த மேட்டில் அந்தக் கதி. அந்த இடத்தில், அந்தச் சல்லடையில், மீன் முள் எப்படி நிற்கும்? மீன் இருந்திருந்தாலும் கிடைத்திருக்காது என்பதற்கான சாட்சி உன் அட்டவணையிலேயே இருக்கிறது. பத்தாவது படித்த எனக்குத் தெரிகிறது. உனக்குத் தெரியாதா? தெரியாமல் எழுதியிருந்தால் மன்னித்திருப்பேன். நீ தெரிந்து எழுதினாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வந்தாய். ஹெல்மெட்டை மேசையில் வைப்பதற்குள் கேட்டேன். நீ முதலில் சிரித்தாய். "ரிப்போர்ட்லாம் படிக்க ஆரம்பிச்சிட்டியா?" என்றாய்.

"மேல்முனை ரெண்டு, கீழ்முனை பதினேழு. மிச்சம் எங்கடா?" என்றேன்.

உன் முகம் மாறிவிட்டது. நான் சோறு போட்டு வைத்திருந்த தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னாய், "நான் 'கெடைக்கல'ன்னுதான்மா எழுதுனேன். 'இல்ல'ன்னு எழுதல. அவங்க அப்படிப் படிச்சா நான் இன்னா பண்றது?"

"அப்படிப் படிப்பாங்கன்னு உனக்குத் தெரியாது?"

நீ சோற்றைப் பிசைய ஆரம்பித்தாய். பிறகுதான் உண்மை வந்தது. "ஒரு பக்கம் எழுதிக் குடுத்தேம்மா. ஏன் கெடைக்கல, எவ்ளோ அழிஞ்சிருக்கும், பொடிச் சல்லடையில மறுபடி பாக்கணும், எல்லாம் எழுதுனேன். எங்க டீம் ஹெட் சார் எடுத்துடச் சொன்னாரு. ரிப்போர்ட் நீளமா போவுது, குழப்பமா இருக்குன்னாரு."

"எடுத்துட்டியா?"

"பிரான்சுக்கு லெட்டர் குடுக்க வேண்டியவரு அவருதாம்மா. ஒரு பக்கம்தானே..."

ஒரு பக்கம்தானே என்று சொன்னாய் பார், அந்த நேரத்தில் உன்னை அடிக்கக் கை ஓங்கினேன். முப்பத்திரண்டு வயசு ஆண்பிள்ளையை. நீ எழுந்து போய்விட்டாய். சோறு தட்டிலேயே காய்ந்தது.

நீ போன பிறகு எனக்கு என் மேலும் கோபம் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். உனக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று வெளியே தேட வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது வருஷம் லேபில் ஒரு கடலாமை எலும்புக்கூடு இருந்தது. உன் அப்பா கையால் கோத்தது. ஒரு சனிக்கிழமை உன்னை டியூஷனில் விடும் அவசரத்தில் அலமாரிக் கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் முன் துடுப்பில் இருந்த பொடி எலும்புகளை எலி இழுத்துக்கொண்டு போயிருந்தது. துறைத் தலைவர் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. பெருக்க வந்த தினக்கூலிப் பெண் தனலட்சுமி குப்பையோடு வாரிக் கொட்டியிருப்பாள் என்று அவர்களே முடிவு செய்தார்கள். அவளை நிறுத்திவிட்டார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அது மட்டுமில்லை. ஆட்டுக் குளம்பு எலும்புகளை ராவி, அந்த இடத்தில் கம்பியில் கோத்து வைத்தேன். அதன் பிறகு எத்தனையோ பிள்ளைகள் அதைப் பார்த்து ஆமையின் விரல் என்று படம் வரைந்து மார்க் வாங்கினார்கள்.

ரிட்டையர் ஆன பிறகுதான் தைரியம் வந்து தனலட்சுமியைத் தேடிப் போனேன். தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் பட்டறையில் மூடி பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தாள். டீக்கடை நிழலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், அழுதேன். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "இப்ப சொல்லி இன்னாக்கா ஆவப்போவுது? அன்னிக்கி சொல்லியிருந்தா ஆயிருக்கும்" என்றாள். சங்கு ஊதியது, உள்ளே போய்விட்டாள். வேலை போய்விடுமோ என்ற பயம்தான் என்னை அன்று ஊமையாக்கியது. அந்தப் பயத்தைத்தான் உனக்கும் ஊட்டினேன். மேலே இருப்பவரிடம் வாய் கொடுக்காதே, அவர் சொன்னபடி செய், உன் காரியத்தைப் பார் என்று உன்னை நான்தான் வளர்த்தேன். நீ கெட்டிக்காரப் பிள்ளை, நன்றாகக் கற்றுக்கொண்டாய். கற்றுக் கொடுத்தவள் சொல்கிறேன், அது தப்பான பாடம். மறந்துவிடு.

நீ கோபித்துக்கொண்டு போன மறுவாரம் நான் ஊருக்குப் போய் மேட்டைப் பார்த்தேன். தோண்டிய குழிகளுக்கு வேலி போட்டிருந்தார்கள். சலித்துக் கொட்டிய மண் வேலிக்கு வெளியே குவியலாகக் கிடந்தது. நானும் ராணியும் இன்னும் நாலு பெண்களும் ஒரு கூடை மண்ணை எடுத்துத் தண்ணீரில் கரைத்து மாவுச் சல்லடையில் ஊற்றினோம். முதல் கூடையிலேயே மூன்று நடுமுள் மணிகள் நின்றன. ராணி கையைத் தட்டினாள். நான் தட்டவில்லை. அந்தக் குவியல் மேலேதான் ஊர்ப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், காக்கை மீனைக் கொண்டுவந்து கொத்துகிறது. அது பழைய முள்ளா, போன மாதத்து முள்ளா என்று யாரால் சொல்ல முடியும்? இது செல்லாது என்று சொன்னேன். ராணி என் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தனியாகச் சொன்னாள், "அண்ணி, வேலிக்குள்ள குழி நடுவுல ஒரு மண்சுவரு இன்னும் தோண்டாம நிக்குது. ரெண்டு புடி முள்ள அதுல சொருவிட்டா யாருக்குத் தெரியும்? நீங்க சொருவுனா நல்லாவே சொருவுவீங்க."

அவள் மேல் தப்பில்லை. வீடு போகிறவள் பேசுகிற பேச்சு. நான் செய்ய நினைத்தால் எந்த நிபுணனும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்வேன். டீத்தண்ணியில் நிறமேற்றத் தெரியும், மண்ணோடு ஒட்டத் தெரியும். ஒரு நிமிஷம், பொய் சொல்லக் கூடாது, ஒரு நிமிஷத்துக்கும் மேலேயே யோசித்தேன். பிறகு, "ஆமைக்கு ஆட்டு வெரலு வெச்சவ நான். இன்னொரு தடவ என்னால ஆவாது" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். ராணிக்கு அது புரியவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நீ ஒரு பக்கத்தை எடுத்துப் பொய் சொல்லலாம், நாங்கள் இரண்டு பிடியை வைத்து உண்மையைச் சொல்லக் கூடாதா என்று அவள் நினைத்திருப்பாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்தப் பதில் உன்னிடம், நீ எடுத்துவிட்ட அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

போன சனிக்கிழமை இரண்டாவது கூட்டம். நீ வருவாய் என்று கடைசிவரை வாசலைப் பார்த்தேன். விசா வேலை இருக்கிறது என்று மெசேஜ் அனுப்பினாய். நான் கையைத் தூக்கினேன். என் ஆயுசில் மைக்கைப் பிடித்ததில்லை. வக்கீல், "நீங்க யாரும்மா? தொல்லியல் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. பத்தாவது. இருபத்திரண்டு வருஷம் காலேஜுல எலும்பு கழுவுனவ. இந்த ரிப்போர்ட்ட எழுதுனவனப் பெத்தவ" என்றேன்.

விசாரிக்க வந்த அதிகாரி ஒரு பெண். சின்ன வயசு. பேசவிடுங்கள் என்றார். நான் என் கையை நீட்டித் தோள்முனையையும் முழங்கைமுனையையும் தொட்டுக் காட்டி, பதினேழையும் இரண்டையும் சொன்னேன். சல்லடை அளவைச் சுண்டுவிரலை வைத்துச் சொன்னேன். மாமா கொல்லையில் மூன்று மழைக்காலத்தில் என்ன நடந்தது என்று சொன்னேன். மீனவர் இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. இருந்தார்களா இல்லையா என்று இந்த எலும்பைக் கொண்டு சொல்லவே முடியாது, பொடிச் சல்லடை போட்டு மறுபடி பாருங்கள் என்று மட்டும்தான் கேட்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. உண்மையில் அதற்கு மேல் தெரியாது.

அந்த அதிகாரி என் அறிக்கைப் பிரதியை வாங்கி அட்டவணையை நெடுநேரம் பார்த்தார். "நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. இது ரிப்போர்ட்ல ஏன் இல்ல?" என்று கேட்டார். அவன் எழுதினான், பிறகு எடுத்துவிட்டான் என்று நூறு பேர் முன்னால் சொன்னேன். என் பிள்ளையைப் பற்றி என் வாயால் சொன்னேன். "அப்ப அந்தப் பக்கத்த அவர் கையெழுத்தோட குடுக்கச் சொல்லுங்க. வாய்ச்சொல்ல நான் கோப்புல வெக்க முடியாது. வெள்ளிக்கிழம கோப்பு மேல போவுது" என்றார்.  வெளியே வந்தபோது உன் மாமா கலர் சோடா வாங்கி வந்து கையில் கொடுத்தான். நான் குடித்து முடிக்கும்வரை என் பையை அவன் வைத்துக்கொண்டு நின்றான்.

இன்று காலை சர்வே ஆட்கள் வந்து வீட்டுக்கு வீடு சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டிருக்கிறார்கள். ராணி போன் செய்தாள். "சும்மா கணக்கெடுப்புதானாம் அண்ணி. நம்மளுது இருபத்தேழு" என்றாள். அப்புறம், "தம்பி எப்ப கெளம்புது?" என்று கேட்டாள். வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

இன்றைக்குத் திங்கட்கிழமை. வியாழக்கிழமை உனக்கு விமானம். நடுவில் இரண்டு முழு நாள் இருக்கிறது. அந்தப் பக்கம் உன் கம்ப்யூட்டரில் இருக்கிறது, நீ எதையும் அழிக்கிற பிள்ளை இல்லை. எடு. கையெழுத்துப் போடு. அந்த அதிகாரியின் கையில் கொண்டுபோய்க் கொடு, முத்திரை போட்டு வாங்கிக்கொள். உன் சார் கோபிப்பார். பிரான்சுக்கே எழுதி வேலையை நிறுத்தினாலும் நிறுத்துவார். நிறுத்தினால் வீட்டுக்கு வா, சோறு போடுகிறேன், வேறு வேலை தேடலாம். அதற்காக உன்னை ஒரு சொல் சொல்ல மாட்டேன், உன் அப்பா மேல் ஆணை. கொடுத்த பிறகும் ஊர் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. கோப்பில் எத்தனையோ காகிதம் இருக்கும், இது ஒன்று. ஆனால் அது உன் காகிதம்.

கொடுக்காமல் விமானம் ஏறினால் அங்கே போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் செய்யாதே என்று எழுதலாம் என்றுதான் இருந்தேன். எழுத முடியவில்லை. செய். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா என்று தெரியாமல் என்னால் இருக்க முடியாது. ஆனால் ஒன்று. நீ எத்தனை தடவை கூப்பிட்டாலும், அங்கே குளிருகிறது என்றாலும், சாப்பாடு பிடிக்கவில்லை என்றாலும், உடம்பு சரியில்லை என்றாலும், நான் முதலில் கேட்கப்போவது ஒரே கேள்வி. கொடுத்துவிட்டாயா? நான் இருக்கிறவரைக்கும் கேட்பேன்.

உன்மேல் கோபம் குறையாமல்,
அம்மா